சும்மாதான் போனோம்

"எதுக்கு?"

போன கோடை விடுமுறையில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரு காரில் ஏறி, கடலோர ஊர்களில் ஐந்து நாள் சுற்றிவிட்டு வந்தோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எல்லோரும் எங்களிடம் கேட்ட கேள்வி இந்த ஒன்றுதான். என் கணவர் கேட்டார். பள்ளியில் சக ஆசிரியர்கள் கேட்டார்கள். பால் ஊற்றுகிறவர் கேட்டார். "எங்கே?" என்று கேட்டவர்களைவிட "எதுக்கு?" என்று கேட்டவர்களே அதிகம். சும்மாதான் என்றேன். யாரும் நம்பவில்லை. மகளுக்கு வரன் பார்க்கப் போகிறோம் என்று ஒரு பேச்சு. எனக்கு ஏதோ நோய், புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், வெளியே சொல்லாமல் மறைக்கிறோம் என்று இன்னொரு பேச்சு.

ஒரு பெண் காரணமில்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள் என்பதைவிட, அவளுக்குத் தீராத நோய் என்பதை ஊர் எளிதாக நம்புகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. ஒரு பக்கம் சேர்வராயன் மலை, அதன் அடியில் வாணியாறு அணை, சுற்றிலும் மரவள்ளியும் மஞ்சளும் கரும்பும். கடல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். என் அம்மாவுக்கு 68 வயது. கடலை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார், அப்பா இறந்த பிறகு ராமேஸ்வரத்தில். "எப்படிம்மா இருந்துச்சு கடல்?" என்று கேட்டேன். "எங்க கண்ணு பாத்தேன்? ஐயரு அவசரப்படுத்தினாரு. உங்கப்பா அஸ்தியக் கரைச்சோம், முழுக்குப் போட்டோம், ஈரப்புடவையோட வண்டி ஏறிட்டோம்."

அந்த ஈரப்புடவைதான் இந்தப் பயணத்தின் தொடக்கம்.

எங்கள் பகுதிப் பெண்கள் பயணமே செய்யாதவர்கள் அல்லர். பொம்மிடி ஸ்டேஷனில் போய் நின்றால் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு, மகளின் பிரசவத்துக்கு மகள் வீடு, சாவு வீடு, சீர் வரிசை, தீர்த்தமலைக்கு மாவிளக்கு, மேல்மருவத்தூருக்குச் சிவப்புப் புடவை, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு. எத்தனை பயணங்கள்! ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு காரணம் ஒட்டியிருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இது பெரிய விஷயம். டிக்கெட் காசுக்குக் கணவனிடம் கையேந்தியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதற்கு வந்த வசவையும் நினைத்துப் பாருங்கள்: "வேலை வெட்டி இல்லாம பஸ்ல சுத்துறாளுங்க." வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இலவசம் என்றால் சகித்துக்கொள்வார்கள். சுற்றும் பெண்ணுக்கு இலவசம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

காரணம் என்பது நம் சமூகம் பெண்ணின் பயணத்துக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. இது இங்கே மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. உலகிலேயே காரில் முதன்முதலாக நெடுந்தொலைவு போனவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹெய்மிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்முக்கு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர், பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களுடன் போனார். கார் அவர் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கியது. கணவரிடம் சொல்லாமல்தான் கிளம்பினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். இவ்வளவு துணிச்சலான பெண் அந்தப் பயணத்துக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பது. 136 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் அதே காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் கார் ஓட்டக் கற்றது 44 வயதில். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர், "எதுக்கு மேடம், ஸ்கூட்டி போதுமே" என்றார். பெண்ணுக்குச் சக்கரம் கொடுக்க இந்த ஊர் எப்போதும் யோசித்திருக்கிறது. அறிவொளி இயக்கக் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது அடித்த கேலி கொஞ்சமா? 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் பேரணி போனார்கள். மறு ஆண்டே, 1993இல், கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநர் ஆனார். இவ்வளவு நடந்த பிறகும் என் செகண்ட் ஹேண்ட் ஆல்டோவை நான் ஓட்டிப்போனால், பின்னால் வருகிற பைக்காரர் முந்திச் சென்று, திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

இன்னொரு வாதம் வரும். "குடும்பத்தோட டூர் போறீங்களே, அது பத்தாதா?" குடும்பச் சுற்றுலா என்பது என்ன? விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவது. தயிர் சாதத்துக்கு மாதுளை உரிப்பது. பிள்ளைக்கு வாந்தி வந்தால் பிடிக்கப் பாலிதீன் பை எடுத்துவைப்பது. பின் சீட்டில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்காவதாக ஒடுங்கி உட்காருவது. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் முடிவு செய்வார். டீக்கும் சிகரெட்டுக்கும் நிற்கும். சிறுநீர் கழிக்க நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நாம் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்போம். கடற்கரைக்குப் போனதும் எல்லோரும் தண்ணீருக்குள் ஓடுவார்கள். செருப்புக்கும் செல்போனுக்கும் பர்ஸுக்கும் காவலாக நாம் மணலில் உட்கார்ந்திருப்போம். திரும்பி வந்ததும் ஒரு மூட்டை அழுக்குத் துணி, அதில் அரைப்படி மணல். இடம் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. அடுப்பில்லாத சமையலறை ஒன்று நகர்ந்து போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் அரசாங்கத்தின் கணக்கைப் பாருங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. கூலியில்லா வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குக் குறைந்தது 10 நிமிடம். ஆண்கள் தங்கள் பங்குக்கு 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள்!

இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் கடற்கரையில்தான் நடத்தினார். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் மனிதர் தம் விருப்பம்போல் வாழ்வதற்கு என்பது அந்த நாளின் கோரிக்கை. மூன்றாவது எட்டு மணி நேரம் யாருக்குக் கிடைத்தது? மெரினாவில் இருக்கிற உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். பாறையை நெம்பும் நான்கு பேரும் ஆண்கள். உழைப்பவர் பட்டியலிலேயே நம் பெயர் இல்லாதபோது ஓய்வுப் பட்டியலில் எப்படி இருக்கும்?

இனி எங்கள் பயணத்துக்கு வருகிறேன். அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் என் மகள், என் கணவரின் அக்கா. அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியின் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் தன் காட்டையும் மாட்டையும் விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. சோறு கட்டவில்லை. அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அரூர், ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போய், மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். செஞ்சிக்கு முன்னால் டயர் பஞ்சர். "ஆம்பளை இல்லாம போனா அப்படித்தான்" என்று ஊரில் சொல்லக் காத்திருந்த விஷயம் அது. நானும் மகளும் ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாட்டினோம். முக்கால் மணி நேரம் பிடித்தது. அண்ணி சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கை தட்டினார்.

மரக்காணத்தில் உப்பளம். மே மாத வெயிலில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து குவியலில் கொட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தண்ணீர் குடிக்க ஓரமாக வந்த ஓர் அக்காவிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். கடல் பார்க்க வந்தோம் என்றதும் அவர் சிரித்தார். "எங்களுக்குப் பொறந்ததுலேருந்து கடல் பக்கத்துலதான். உக்காந்து பாத்ததில்ல" என்றார்.

அந்தச் சொல் எனக்கு வலித்தது. வலிக்க வேண்டும். கார் வைத்திருக்கிற, மாதச் சம்பளம் வாங்குகிற ஆசிரியை ஓய்வைப் பற்றிப் பேசுகிறாள், உப்புச் சுமக்கிறவளுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். நானே அன்றிரவு என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் இந்த வாதத்தை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். வார விடுமுறை கேட்ட தொழிலாளியிடம் முதலாளி சொன்னதும் இதைத்தான்: உனக்கெல்லாம் எதுக்கு ஓய்வு? ஓய்வு பணக்காரப் பெண்களின் ஆடம்பரம் என்று நாமே ஒப்புக்கொண்டால், உப்பளத்து அக்காவுக்கு அதைக் கேட்கும் வாசலையும் சேர்த்து அடைக்கிறோம். நான் காரில் போனது அவருடைய குறையைத் தீர்க்காது. அவருக்குக் கூலியோடு விடுமுறையும், உப்பளத்தில் நிழலும் கழிப்பறையும் வேண்டும். அதோடு, வேலையில்லாத ஒரு மாலையில் யாருக்கும் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்து உட்காரும் உரிமையும் வேண்டும். இதில் ஒன்றைக் கேட்பதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

நாங்கள் போனது மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிப்பதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கடலூர்ப் பக்கம் படகுகள் கரையேறி நின்றன. ஆண்கள் சிலர் வலை பின்னிக்கொண்டும், சிலர் படகு நிழலில் சீட்டாடிக்கொண்டும் இருந்தார்கள். பெண்கள் கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். கடலுக்கே சட்டம் 61 நாள் ஓய்வு கொடுக்கிறது. கரையில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு நாள் கொடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

அதே கடலூர் மாவட்டத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களில் பெண்கள் ஆண்களைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் எழுதியது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை எழவில்லை. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். நீந்தத் தெரியாது. புடவை காலைச் சுற்றியது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்றால், அந்தக் கடலில் விளையாட அவளை யாரும் விடவில்லை என்று பொருள். விளையாட்டு வெட்டிவேலை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

பூம்புகாரில் மகளுக்குக் கண்ணகி கதையின் ஒரு பகுதியைச் சொன்னேன். கோவலனும் மாதவியும் அந்தக் கடற்கரையில் யாழோடு பொழுதைக் கழித்தார்கள். கண்ணகி வீட்டில் இருந்தாள். தோழி தேவந்தி அவளைக் கடற்கரைக்குக் கூப்பிட்டாள். ஆனால் எதற்கு? சங்கமத்துறையில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கைகள் இருக்கின்றன, அவற்றில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று. அது பெருமையில்லை என்று கண்ணகி மறுத்தாள். அந்த மறுப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் சும்மா காற்று வாங்கக் கூப்பிட அவளுக்கு ஒரு தோழி இல்லையே என்று அன்றைக்குத் தோன்றியது. கடைசியில் அவள் புகாரைவிட்டுக் கிளம்பியதும் கணவன் பின்னால் மதுரைக்கு நடந்துதான். "அப்ப அவளும் காரணத்தோடதான் போயிருக்காம்மா" என்றாள் மகள்.

"காலம் கெட்டுக் கிடக்கு, பொம்பளைங்க தனியா போறீங்களே." இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. முதலில், நான்கு பேர் போவது எப்படித் தனியாகப் போவதாகும்? ஆண் இல்லாவிட்டால் நாற்பது பேர் போனாலும் தனிதான் போலிருக்கிறது. இரண்டாவது, ஆபத்து சாலையில் இருக்கிறது, பாதுகாப்பு வீட்டில் இருக்கிறது என்பது பொய். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். மூன்றாவதை எங்கள் மாவட்டத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திப் பெண்கள் எந்த ஊரையும் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தங்கள் ஊரில் இருந்தார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அவர்களுடைய ஊருக்கே வந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீட்டிலேயே இரு, பத்திரமாக இருப்பாய் என்று எங்கள் பகுதிப் பெண்ணிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களை வைத்து 2011இல் ஒரு நூல் எழுதினார்கள். பெண்ணுக்குப் பொதுவெளியில் வேண்டியது பாதுகாப்பு என்ற பெயரிலான காவல் இல்லை, வேலையில்லாமல் சுற்றித் திரியும் உரிமை என்பது அதன் வாதம். காவல் கேட்டால் கூடவே கட்டுப்பாடும் வரும். "உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்கிற எதுவும் எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றுதான் முடியும்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொல்லைகள் இருந்தன. ஒரு கடலோர ஊரில் விடுதிக்காரர் எங்கள் நான்கு பேரின் ஆதார் அட்டைகளையும் பார்த்துவிட்டு, "ஜென்ட்ஸ் யாரும் வரலையா? லேடீஸ் மட்டும்னா ரூம் கொடுக்கறதில்ல" என்றார். 68 வயது அம்மாவைப் பார்த்து அவருக்கு என்ன சந்தேகம் வந்ததோ! அடுத்த விடுதியில் கிடைத்தது. பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி கேட்டால் "ரிப்பேர்" என்றார்கள். இவற்றையெல்லாம் காட்டி நம்மை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்ப வேண்டியது நம்மையா, பூட்டையா?

தரங்கம்பாடியில்தான் அம்மா கடலைப் பார்த்தார். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தார். நாலு மணிக்கு உட்கார்ந்தவர் இருட்டும் வரை எழவில்லை. பேசவும் இல்லை. அண்ணி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் போய், விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, சிரித்துக்கொண்டே வந்தார். கணவர் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. விதவை சிரிக்கிறாளே என்று பார்க்க அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. செருப்பை யாரும் காவல் காக்கவில்லை. ஒரு ஜோடி அலையோடு போய்விட்டது. போகட்டும்.

அன்றிரவு அம்மா சொன்னார்: "உங்கப்பா அஸ்தியக் கரைச்ச கடலும் இதுதானே கண்ணு. அன்னிக்கு அழக்கூட நேரம் கொடுக்கல." அம்மா அழுதார். நாங்கள் யாரும் தேற்றவில்லை. நேரம் இருந்தது. ஓய்வு என்றால் கேளிக்கை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு பெண் தன் துக்கத்தைக்கூட ஓய்வு கிடைத்தால்தான் முழுதாக அழ முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வரை போய்த் திரும்பினோம். வேளாங்கண்ணியில் அம்மாவிடம் ஏதாவது வேண்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். வேடிக்கை பாக்கலாம்" என்றார்.

இதைப் படிக்கும் மாணவிகளே, உங்களிடம் கார் இருக்காது. வேண்டாம். டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வாருங்கள். எங்கே போனாய் என்று கேட்டால் ஜெராக்ஸ் எடுக்க, டியூஷனுக்கு, தோழிக்கு உடம்பு சரியில்லை என்று கதை கட்டாதீர்கள். நாம் சொல்லும் ஒவ்வொரு பொய்க் காரணமும் அடுத்த பெண்ணுக்குப் போட்ட பூட்டு. அம்மாக்களே, அடுத்த விடுமுறைக்குப் புளியோதரை கிளறாதீர்கள். கடலைப் பார்த்ததுண்டா என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பார்த்தேன் என்றால், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை வாசலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குப் போனீங்க? பேத்திக்கு எதாச்சும் வேண்டுதலா?"

"சும்மாதான்" என்றார் அம்மா. அத்தை நம்பவில்லை. அம்மாவும் விளக்கம் சொல்லவில்லை. கோலத்தை முடித்துவிட்டு உள்ளே வந்து, அடுத்து எப்போது போகலாம் என்று கேட்டார்.